துடைத்த கண்ணாடி

பழைய வீடு. முன்னால் துருப்பிடித்த இரும்புக் கதவு, பக்கவாட்டில் தகரக் கொட்டகை, அதற்குள் தார்ப்பாய் போர்த்திய வண்டி. இப்படி எத்தனையோ வீடுகளுக்குப் போயிருக்கிறேன். வசதியுள்ள மனிதர்கள் விடுமுறை நாளில் கை சும்மா இருக்கக் கூடாது என்று, நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப் ஒன்றை வாங்கிக் கொட்டகையில் நிறுத்திவிடுவார்கள். ஆசை தீரக் கழற்றுவார்கள். மாட்டத் தெரியாது. அப்புறம் என்னைக் கூப்பிடுவார்கள்.

இந்த வீட்டுக்காரர் பல் டாக்டர்.

"வாங்க மேஸ்திரி. பேஷன்ட் உள்ள படுத்திருக்கு," என்றார்.

"வாயைத் திறக்குதா டாக்டர்?"

"பானெட் திறக்குது. மத்ததெல்லாம் துரு."

சமையலறை ஜன்னலிலிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தாள். "ரெண்டு வருஷமா இதுக்குத்தான் வைத்தியம். பல்லு புடுங்க வந்தவங்ககூட எந்திரிச்சுப் போயிட்டாங்க, இது எந்திரிக்கல."

டாக்டர் காதில் விழாதவர் போலத் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்தார். மறு முனையை நான் இழுத்தேன். பச்சை வண்டி. பெயிண்ட் பல இடத்தில் உரிந்து, அடியில் சாம்பல் நிறம் தெரிந்தது. அவருக்கு ஆக வேண்டியது இவ்வளவுதான்: நாலு பக்கமும் ஸ்பிரிங் பட்டையை மாற்றி வண்டியை நாலு விரல் உயர்த்த வேண்டும், பெரிய டயர் போட வேண்டும், உயர்த்திய பிறகு கோணம் மாறுவதால் பின் அச்சுக்குப் போகிற சாஃப்டைக் கழற்றிச் சரிசெய்ய வேண்டும். நாலைந்து நாள் வேலை.

டார்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் படுத்தேன். கியர் ஆயில் நாற்றம், எலிப் புழுக்கை, ஈர மண். அடிச்சட்டமான சேஸிஸ் எங்காவது வெடித்திருக்கிறதா என்று வெளிச்சத்தை ஓட்டிக்கொண்டே போனேன். இடது பக்கம் பின் சக்கரத்துக்கு முன்னால் ஒரு ஒட்டுத் தகடு. அதைச் சுற்றி வெல்டிங். நேராக ஓடவில்லை, வளைந்து வளைந்து, ஓரிடத்தில் முடிச்சாகத் திரண்டு நின்றது.

டார்ச் அங்கேயே நின்றுவிட்டது.

அந்த வெல்டிங் என் கை. நான் போட்ட முதல் வெல்டிங். "புழு ஊர்ந்த மாதிரி இருக்குடா மாப்ளே. ஆனா விடாது," என்று சொன்னது என் மாமா. அக்காவின் கணவர். பதினொரு வருஷத்துக்கு முன் இந்த வண்டியின் அடியில் செத்தவர்.

அப்போதே எழுந்து, டாக்டர், எனக்கு முட்டி வலி, வேற ஆளைப் பாருங்க என்று சொல்லியிருக்கலாம். முட்டி வலி பொய்யும் இல்லை. ஆனால் முட்டி தேய்ந்தவனை எவன் வேலைக்குக் கூப்பிடுகிறான்? இரும்புக்கு என்ன ஞாபகம் இருக்கப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வெளியே வந்தேன்.

"எப்படி மேஸ்திரி?"

"நல்ல வண்டி டாக்டர்."

மாமாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

வீட்டின் பின்புறக் கொட்டகையில்தான் அவருடைய பட்டறை. தெரிந்தவர்கள் வைத்த பெயர் வாத்தியார். காரணம், சட்டைப் பையில் எந்நேரமும் இருக்கும் சாக்பீஸ். வண்டியில் எதைக் கழற்றினாலும், எதைத் தளர்த்தினாலும், முன் கண்ணாடியில் எழுதி வைப்பார். எழுதியதைச் சுற்றிக் கட்டம் போடுவார். வேலை முடிந்ததும் அந்த வரியின் மேல் ஒரே கோடாக இழுத்து அடிப்பார். அடிபடாத வரி ஒன்று இருக்கிறவரை ஒருவரும் வண்டியில் கை வைக்கக் கூடாது. காய்ந்த சாக்பீஸ் கண்ணாடியில் பிடிக்காது, அதனால் நாக்கில் நனைத்து எழுதுவார். உதட்டில் வெள்ளை அப்பியே கிடக்கும். "வாத்தியாரே, பால் குடிச்சா வாயைத் துடைக்க மாட்டீங்களா?" என்று கேலி பேசுவார்கள். "எழுதலைன்னா நாளைக்கு நீ பால் குடிக்க வாய் இருக்காதுடா," என்பார்.

எனக்கு அப்போது படிக்கத் தெரியாது.

அது அக்காவுக்குத் தெரியும். மாமாவுக்குத் தெரியாது. அவரிடம் வேலைக்குச் சேர்ந்த அன்றே அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமாகிட்ட மட்டும் சொல்லிடாதேக்கா" என்று சத்தியம் வாங்கியிருந்தேன். மீசை முளைத்தவனுக்கு வெட்கம் பெரிது. தினமும் கண்ணாடி முன் நின்று, இரண்டு மூச்சு விடுகிற நேரம் பார்த்துவிட்டு, தலையை ஆட்டுவேன். பிறகு, "இன்னைக்கு எதுல மாமா கை வைக்கணும்?" என்று பேச்சுக்குக் கேட்பது போல வாயைப் பிடுங்குவேன். இப்படியே ஆறு வருஷம் ஓட்டினேன். எழுத்து தெரியாதே தவிர அவர் கையெழுத்து எனக்குத் தெரியும். இடப்பக்கம் சாய்ந்து நிற்கும், காற்றடித்த பயிர் போல. ஆயிரம் கையெழுத்தில் கலந்து போட்டாலும் அதை மட்டும் எடுத்துக் கொடுப்பேன்.

இந்த ஜீப் அவருடைய சொந்த வண்டி. மூன்று வருஷம் பார்த்துப் பார்த்துக் கட்டியது. அப்போதும் புது ஸ்பிரிங் போட்டு உயர்த்தியிருந்தோம். அன்று காலை நான்தான் வண்டியைக் கொட்டகையில் ஏற்றி, முதல் கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, பின் சக்கரத்துக்கு ஒரு கட்டையும் கொடுத்தேன். தண்ணீர் வடிவதற்காக அந்தத் தரை வாசல் பக்கம் சரிந்திருக்கும். பிறகு போல்ட் வாங்கக் கடைக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது மாமா அடியில் படுத்திருந்தார். கால் மட்டும் முன்பக்கம் வெளியே தெரிந்தது. கண்ணாடியில் கட்டம் போட்டு இரண்டு வரி.

"கண்ணாடியைப் பாத்தியாடா மாப்ளே?"

"பாத்துட்டேன் மாமா."

முன்பக்கத்தைத் தூக்க வேண்டியிருந்தது. வண்டி உயர்ந்துவிட்டதால் ஜாக்கி எட்டவில்லை. அடியில் கொடுக்க ஒரு கட்டை வேண்டும். கண்ணில் பட்டது பின் சக்கரத்துக் கட்டை. கியரில்தானே இருக்கிறது, ஹேண்ட்பிரேக்தான் போட்டிருக்கிறதே என்று அதை இழுத்தேன். வரவில்லை. சக்கரத்தோடு இறுகிப் போயிருந்தது. அப்போதாவது புரிந்திருக்க வேண்டும், அது ஏதோ பாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று. சுத்தியலை எடுத்து இரண்டு தட்டு தட்டினேன்.

டொக். டொக்.

இந்த மாதிரி வண்டியில் ஹேண்ட்பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது. கியர்பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகிற சாஃப்டைத்தான் பிடிக்கும். அந்தச் சாஃப்டைக் கழற்றிவிட்டால் பிரேக்கும் கியரும் இருந்தும் இல்லாத மாதிரி. நான் கடைக்குப் போன நேரத்தில் மாமா அதைத்தான் கழற்றியிருந்தார்.

வண்டி சத்தமே போடவில்லை. இரண்டு அடி பின்னால் போனது. முன் அச்சு அவர் நெஞ்சின் மேல் ஏறி நின்றது.

கூப்பிட்டேன். பக்கவாட்டில் கையை நீட்டி மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன், மூச்சு இல்லை. அக்கா தெருக்கோடிக் குழாய்க்குப் போயிருந்தாள். அடுத்து நான் என்ன செய்தேன் என்பதை இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை. கத்தவில்லை. ஜாக்கியைத் தேடவில்லை. எண்ணெய்த் துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தேன். எழுதியிருந்ததைப் படிக்கலையா என்று கேட்பார்களே! துடைத்து முடித்துக் குனிந்தபோது அவர் உதட்டில் வெள்ளை இருந்தது. அதையும் துடைத்தேன்.

அதன் பிறகுதான் கத்தினேன்.

எப்போதும் எழுதி வைக்கிற மனுஷன் அன்றைக்கு ஏன் எழுதவில்லை? ஊரெல்லாம் இதே கேள்வி. காலையில் வீட்டில் பெரிய சண்டை நடந்தது பக்கத்து வீடுகளுக்கும் கேட்டிருந்தது. பெண்டாட்டி பேசிய பேச்சில் மனம் விட்டுப் போய், கட்டையைத் தானே உதைத்துத் தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டார் என்று ஆளுக்கு ஆள் முடிவு கட்டினார்கள். அக்காவும் அதைத்தான் நம்பினாள். பதினொரு வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறாள். தையல் மெஷினைவிட்டு நிமிர்ந்து யாரையும் பார்ப்பதில்லை. வண்டியை அப்போதே பழைய இரும்புக்காரனுக்குத் தள்ளிவிட்டாள்.

மறு வருஷம் நான் மாலை வகுப்பில் சேர்ந்து எழுத்துக் கற்றுக்கொண்டேன். துடைத்ததைப் படிக்க முடியாது என்று தெரிந்தேதான்.

டாக்டர் வீட்டில் முதல் நாள் முன்பக்கத்து இரண்டு ஸ்பிரிங்கும் மாற்றி, நட்டெல்லாம் இறுக்கிவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை டாக்டர் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தார்.

"இந்த ஒழுங்குதான் மேஸ்திரி எனக்குப் புடிச்சது. பாக்கி வேலையை எழுதி வச்சிட்டுப் போறீங்க பாருங்க."

முன் கண்ணாடியில் கட்டம். அதற்குள் ஒரு வரி.

முன் இடது ஸ்பிரிங், உள்பக்க நட் இறுக்கலை.

எழுத்து இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

"என்ன மேஸ்திரி, நீங்கதானே எழுதினீங்க?"

"ஆமா டாக்டர்," என்றேன். பொய் எனக்குப் பழகிய வேலை.

அவர் உள்ளே போனதும் குனிந்து அந்த நட்டைத் தொட்டேன். நேற்று என் தோள் வலிக்க இறுக்கிய நட். விரல் பட்டதும் சுழன்றது. ஸ்பானர் போட்டு மறுபடி இறுக்கிவிட்டு எழுந்தேன்.

வரியின் மேல் கோடு விழுந்திருந்தது.

கொட்டகையில் யாருமில்லை. கோட்டைத் தொட்டேன்.

ஈரம்.

அன்று முழுக்கக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டியே வேலை செய்தேன். பின் ஸ்பிரிங்குகள் மாற்றியாயிற்று. ஒவ்வொரு நட்டையும் மூன்று தடவை இறுக்கினேன். மறு நாள் காலை கண்ணாடி வெறுமையாக இருந்தது. நேற்றைய கட்டத்தையும் காணோம். டாக்டரின் மனைவி துடைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கத் தைரியமில்லை.

மூன்றாம் நாள் மதியம் மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை. தகரத்தின் மேல் சரளைக் கல்லைக் கொட்டுவது போல. மூன்று மணிக்கே கொட்டகை இருட்டிவிட்டது. டாக்டர் ஆஸ்பத்திரியில். அவர் மனைவி வீட்டுக்குள். கத்தினாலும் அந்த மழையில் கேட்காது.

பின் சாஃப்டைக் கழற்ற வேண்டியது அன்றைக்குத்தான்.

இந்தத் தரையும் வாசல் பக்கம் சரிவுதான். நாலு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்தேன். எட்டுக் கட்டை. ஒவ்வொன்றையும் சுத்தியலால் அடித்து உள்ளே இறுக்கினேன். இரண்டு தடவை சுற்றி வந்து எண்ணினேன். பிறகுதான் அடியில் படுத்து சாஃப்டின் போல்ட்களைக் கழற்றினேன். சாஃப்ட் என் மார்பில் இறங்கியது. அதை ஓரமாக உருட்டிவிட்டு, துணியை எடுத்து முகத்தைத் துடைத்தேன்.

அப்போதுதான் அந்த வாசனை.

எண்ணெயும் ஈர மண்ணும் நாறிக்கொண்டிருந்த இடத்தில் பள்ளிக்கூடத்து வாசனை. சாக்பீஸ் தூள்.

க்ரீச்.

தலைக்கு மேல். கண்ணாடியில்.

மழைதான் என்று நினைத்தேன். கிளை ஏதாவது உரசுகிறது என்று நினைத்தேன். கொட்டகைக்குள் ஏது கிளை?

க்ரீச். க்ரீச். நின்றது. நாக்கில் நனைக்கிற நேரம். மறுபடி, க்ரீச்.

"டாக்டர்?"

தலையைத் திருப்பி நாலு பக்கமும் பார்த்தேன். அடியில் படுத்திருப்பவனுக்கு வண்டியைச் சுற்றி நிற்கிற கால்கள் தெரியும்.

கால்கள் இல்லை.

எழுதுகிற சத்தம் நீளமாக ஒரு சுற்று சுற்றி வந்து முடிந்தது. கட்டம் போட்டாகிவிட்டது.

பிறகு, பின் சக்கரப் பக்கம்.

டொக். டொக்.

ஒரு கட்டை தானாக நகர்ந்து, தரையில் சறுக்கி, வாசல் பக்கம் மழைத் தண்ணீரில் போய் நின்றது. நான் பார்த்துக்கொண்டேயிருந்தேன்.

டொக். டொக். இன்னொன்று.

நகர நினைத்தேன். உடம்பு கேட்கவில்லை. முதுகுக்குக் கீழே தரை சில்லிட்டது. எனக்கு மேலே சேஸிஸில் என் புழு வெல்டிங், கை எட்டுகிற தூரத்தில்.

டொக். டொக்.

சக்கரங்களுக்கு முன்னால் இருந்த கட்டைகளை அவர் தொடவில்லை. வண்டி பின்னால் உருளாமல் பிடித்திருந்த நாலில் மூன்று போயிற்று. மிச்சம் ஒன்று. வண்டி முனகியது. கிழவன் எழுந்திருக்க முட்டியில் கை ஊன்றுவது போல அதன் எடை முழுக்க அந்த ஒரு கட்டையின் மேல் சாய்ந்தது.

என் காதருகே, வண்டியின் அடியில், என்னோடு படுத்திருப்பவர் பேசுவது போல ஒரு குரல். கோபம் இல்லாத குரல். வேலை நடுவில் கேட்கிற குரல்.

"கண்ணாடியைப் பாத்தியாடா மாப்ளே?"

பாத்துட்டேன் மாமா. நாக்கு தானாக அதைச் சொல்லக் கிளம்பியது. ஆறு வருஷம் சொன்ன பதில்.

டொக்.

"படிக்கத் தெரியாது மாமா." குரல் என்னுடையது போலவே இல்லை. "எனக்குப் படிக்கத் தெரியாது. அன்னைக்கும் தெரியாது. உங்ககிட்ட இருந்த ஆறு வருஷமும் தெரியாது. நான்தான் மாமா கட்டையை எடுத்தேன். நான்தான் துடைச்சேன்."

இரண்டாவது தட்டு விழவில்லை.

எவ்வளவு நேரம் கிடந்தேனோ. மழைச் சத்தம் மட்டும். சாக்பீஸ் வாசனை மெல்லக் கரைந்தது. நெளிந்து நெளிந்து வெளியே வந்தேன். கடைசிக் கட்டை முக்கால்வாசி வெளியே வந்திருந்தது. ஒரு மூலைதான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. மற்றவற்றைப் பொறுக்கி வந்து அடித்து இறுக்கிவிட்டு, சட்டையெல்லாம் எண்ணெயாகக் கண்ணாடி முன் வந்து நின்றேன்.

கட்டம். இரண்டு வரி. விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

பின் சாஃப்ட் கழட்டியாச்சு.
கட்டைதான் புடிச்சிருக்கு, எடுக்காதே.

இவ்வளவுதானா! பதினொரு வருஷமாக என்னென்னவோ நினைத்திருந்தேன். ஏதோ பெரிதாக எழுதியிருப்பார், அதைத்தான் துடைத்துவிட்டேன் என்று. பால் வாங்கி வா என்பது போல இரண்டு வரி. ஒரு குழந்தை படித்திருக்கும்.

சாஃப்டைச் சரிசெய்து திரும்ப மாட்டினேன். எட்டு போல்ட்டையும் இறுக்கினேன். அந்த வேலை முடிந்தது. முடிந்த வேலைக்குக் கோடு விழ வேண்டும். காத்திருந்தேன். விழவில்லை.

பாக்கி வேலை வண்டியில் இல்லை என்று அப்போது புரிந்தது.

கருவிகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, தூறலாகக் குறைந்திருந்த மழையில் அக்கா வீட்டுக்கு நடந்தேன். அவள் மெஷின் முன் உட்கார்ந்திருந்தாள்.

"என்னடா கோலம் இது? எண்ணெய்ச் சட்டியில விழுந்தியா?"

"அக்கா, அன்னைக்கு மாமா எழுதியிருந்தாரு."

அவள் கால் நின்றது. மெஷின் சக்கரம் தன் பாட்டுக்கு இரண்டு சுற்று சுற்றி ஓய்ந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். டாக்டர் வீட்டு வண்டியையும் சொன்னேன். அவள் தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"நான் கேட்டேனேடா," என்றாள். "அவரை எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி கேட்டேன். ஒரு வருஷம் கழிச்சுக் கேட்டேன். எழுதலைன்னே."

"ஆமாக்கா."

"உன்னை நம்பாம அவர் உதட்டைக்கூடப் பாத்தேன். வெள்ளை இல்லை."

"துடைச்சேன்கா."

அவள் என்னைப் பார்த்தாள். அடித்திருந்தால் தேவலை.

"அன்னைக்குக் காலையில என்ன சண்டைன்னு தெரியுமா உனக்கு?"

தெரியாது என்று தலையசைத்தேன்.

"உன்னாலதான். உன்னை வேலையை விட்டு நிறுத்தப் போறேன்னாரு. 'எழுதி வச்சா பாக்குறான், தலையாட்டுறான், வேற எதையோ செய்யறான். திமிரு. ஒருநாள் எவனையாவது சாகடிச்சுட்டுத்தான் விடுவான்'னாரு. என் தம்பியை அனுப்பினா நானும் கெளம்பறேன், நீங்க உங்க வண்டியைக் கட்டிக்கிட்டு அழுங்கன்னு கத்தினேன். அவனுக்குப் படிக்கத் தெரியாதுங்க, திமிரு இல்லைங்க... நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சுடா. உனக்குச் சத்தியம் பண்ணிட்டேனேன்னு முழுங்கிட்டேன்."

வெளியே கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"நான் பேசினதாலதான் போயிட்டாருன்னு இத்தனை வருஷம் நெனச்சேன். இப்ப வந்து, பேசாததாலன்னு சொல்ற."

"அக்கா, நீ என்ன பண்ணுவே, நான்தான்..."

"போ."

"அக்கா."

"போடா. கதவைச் சாத்திட்டுப் போ."

சாத்திவிட்டு வந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், திரும்பி நடக்கும்போது எனக்குக் கால் லேசாக இருந்தது. சொல்லிவிட்டேன் அல்லவா! சுமையை இறக்கினேன் என்று நினைத்தேன். யார் தலையில் இறக்கினேன் என்று நினைக்கவில்லை.

கருவிகளை எடுக்கக் கொட்டகைக்குப் போனபோது பொழுது சாயவில்லை. மேகம் கலைந்து மஞ்சள் வெயில் கண்ணாடியில் விழுந்திருந்தது. இரண்டு வரியின் மேலும் கோடு. நேர்க்கோடு. அடிபட்டுவிட்டது.

நெஞ்சு நிறைய மூச்சு விட்டேன்.

அதற்குக் கீழே, கட்டத்துக்குள் மிச்சமிருந்த இடத்தில், இன்னொரு வரி இருந்தது. சொட்டு வழிகிற ஈரம்.

அக்காவைத் தனியா விடாதே.

இந்த முறை படிக்கத் தெரிந்தது. ஓடினேன். தேய்ந்த முட்டியோடு, கையில் சுத்தியலோடு, சேற்றில் விழுந்து எழுந்து ஓடினேன். நான் சாத்திவிட்டு வந்த கதவு இப்போது உள்ளே தாழ் போட்டிருந்தது. கதவிடுக்கில் கேஸ் வாடை. சுத்தியலால் கதவை அடித்துத் தாழைப் பெயர்த்து உள்ளே பாய்ந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீ அணைந்திருந்தது. குமிழைத் திருகி மூடி, ஜன்னல்களைத் திறந்தேன். அக்கா எனக்கு முதுகைக் காட்டி மெஷின் முன் உட்கார்ந்திருந்தாள். சுவாசம் இழுத்து இழுத்து வந்தது.

"பால் வச்சேன்," என்றாள், திரும்பாமல். "மறந்துட்டேன்."

மறந்தாளா, வேண்டுமென்றேவா? நான் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்ல மாட்டாள். பதினொரு வருஷம் இதே கேள்வியோடு அவளைப் படுக்க வைத்தவன் நான். இனி என் முறை.

அன்றிலிருந்து அவள் வீட்டு முன்னறையில்தான் படுக்கிறேன். சோறு போடுகிறாள். தட்டு வைக்கிற சத்தம் மட்டும்தான் பேச்சு. வெளி வேலைக்குப் போவதை விட்டுவிட்டேன். டாக்டர் வண்டி மட்டும் எப்படியோ முடித்துக் கொடுத்தேன். அப்போது பக்கத்து வீட்டு அம்மாவை அக்காவோடு உட்கார வைத்துவிட்டுப் போனேன்.

டாக்டர் ஒருநாள் தலையைச் சொறிந்தார். "மேஸ்திரி, மேல ரெண்டு வரியும் தண்ணி பட்டதுமே போயிடுச்சு. கீழ இருக்கிறது போக மாட்டேங்குது. சோப்பு, பிளேடு, பல்லுக்குப் போடற மருந்துகூடப் போட்டுத் தேய்ச்சுட்டேன். எதுல எழுதினீங்க?"

"சாக்பீஸ்லதான் டாக்டர்."

"சரி, இருக்கட்டும். எங்க அக்கா ஊர்ல இருந்து வந்தவ இதைப் பாத்துட்டு, இப்பவாவது என் நெனப்பு வந்துச்சே தம்பின்னு அழுதுட்டா. இனிமே எங்க துடைக்கறது?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வண்டியை எங்கள் தெரு வழியாக ஓட்டி வருவார். வாசலில் நிறுத்தி, இன்ஜின் சத்தம் சரியா கேளுங்க மேஸ்திரி என்பார். நான் சத்தத்தைக் கேட்பதில்லை. கண்ணாடியைப் பார்ப்பேன். அந்த வரி இருக்கும். மேலே கோடு இருக்காது. இன்னும் பாக்கி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு உள்ளே வருவேன். ஒரு வேலை முடிவதற்கு இரண்டு வழி உண்டு என்று இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாதா? நல்லபடி முடியும். இல்லையென்றால் செய்வதற்கே ஒன்றும் இல்லாமல் போகும். இரண்டுக்கும் மாமா ஒரே கோடுதான் போடுவார்.

இந்த ஞாயிறும் வண்டி வந்தது. டாக்டர் இறங்கி, எதிர்க்கடையில் ஏதோ வாங்கப் போனார். உள்ளே அக்காவின் மெஷின் ஓடுகிற சத்தம். நான் கண்ணாடிக்குக் கிட்டே போனேன்.

கோடு இல்லை.

ஆனால் வரியின் தொடக்கத்தில், முதல் எழுத்துக்குச் சற்று முன்னால், போன வாரம் இல்லாத ஒரு புள்ளி. கோடு இழுப்பதற்காகச் சாக்பீஸை ஊன்றி வைத்தது போல.

தொட்டேன். விரலில் வெள்ளை. ஈரம்.

வீட்டுக்குள் மெஷின் சத்தம் நின்றிருந்தது.